ஒரே மேடையில் அஞ்சு சின்னப்பா!

ஆபீசில் ஒருத்தரே அஞ்சு பேர் வேலையைப் பார்ப்பது நமக்கெல்லாம் பழகிப்போன சமாசாரம். சம்பளம் மட்டும் ஒருத்தருக்குத்தான்! ஆனால், 1944-லேயே இதைத் திரையில் செய்துகாட்டி கைதட்டலும் வாங்கினார் ஒரு புதுக்கோட்டைக்காரர்... பி.யு.சின்னப்பா!

படம், 'ஜகதலப்பிரதாபன்'. எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய பட்சிராஜா தயாரிப்பு. இளவரசனுக்கு ஒரு 'சின்ன' ஆசை. நாலு தேவகன்னியர் தனக்குப் பணிவிடை செய்யணுமாம்! அப்பா ராஜா கொதித்துப் போக, பையன் எடுக்கிறான் ஓட்டம். சிரிக்க வைக்க என்.எஸ்.கிருஷ்ணன் - மதுரம் ஜோடி வேறு.

அந்தப் படத்தின் கச்சேரிக் காட்சியைப் பார்க்கணும் நீங்கள். பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பாக்களே. மொத்தம் அஞ்சு பேர்! 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி பல சிவாஜிகளாக உட்கார்ந்து பாடினாரே, அதற்கு 21 வருஷம் முன்னாடி!

கம்ப்யூட்டரா இருந்தது அப்போது? லென்ஸில் ஒரு பகுதியை மறைத்துப் படமெடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபடி எடுப்பதுதான் அந்தக் காலத்து வித்தை. நடிகர் ஒரு தாளம் தப்பினாலும் உழைப்பு மொத்தமும் வீண். சின்னப்பா தப்பாததற்குக் காரணம், சிறு வயசிலேயே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் பட்ட பாடு.

சம்பாதித்ததில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கிப் போட்டார். 'போதும்ப்பா' என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

1951-ல் காலமானார். வயசு 35தான். அஞ்சு பேராக வந்த மனுஷனுக்கு ஆண்டவன் இன்னொரு முப்பது வருஷம் கொடுத்திருக்கலாம்!