உழவர் பேணும் இயற்கை மீளுருவாக்கம்

உழவர் பேணும் இயற்கை மீளுருவாக்கம் என்பது, வெட்டப்பட்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகளிலும் வேர்களிலும் இருந்து எழும் துளிர்களை உழவர்கள் தேர்ந்தெடுத்துக் காத்து, மீண்டும் மரங்களாக வளர்க்கும் வேளாண்காட்டு முறை ஆகும். நாற்று நடுவது இதன் அடிப்படை அன்று. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் 1980களில் இம்முறை பரவத் தொடங்கியது. அந்நாட்டின் தென்பகுதியில் ஏறத்தாழ 50 இலட்சம் எக்டேர் விளைநிலத்தில் இதனால் மரங்கள் மீண்டுள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

பின்னணி

நைஜரின் தென்பகுதி, சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள சாகேல் வலயத்தில் அமைந்துள்ளது. இங்கு மழை ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கே பெய்கிறது. கம்பும் சோளமும் முதன்மையான பயிர்கள். தட்டைப்பயறு ஊடுபயிராக விதைக்கப்படுகிறது.

மக்கள்தொகை பெருகியபோது காடுகள் விளைநிலங்களாக மாறின. நிலத்தில் மரம் இல்லாதிருப்பதே நல்ல உழவுக்கு அடையாளம் என்ற கருத்தும் நிலவியது. மரங்கள் மறைந்தபின் காற்று தடையின்றி வீசி மேல்மண்ணை அடித்துச் சென்றது. முளைத்த பயிர் மணலில் புதைந்ததால் உழவர்கள் ஒரே பருவத்தில் பல முறை விதைக்க நேர்ந்தது. விறகு கிடைக்காததால் சாணமும் பயிர்த்தட்டையும் எரிக்கப்பட்டன. மண்ணுக்குச் சேரவேண்டிய எருவும் குறைந்தது. 1970களில் தொடங்கிய மரம் நடும் திட்டங்கள் பெரும்பாலும் தோல்வியுற்றன. நட்ட கன்றுகள் வறட்சியாலும் கால்நடைகளாலும் அழிந்தன.

தொடக்கம்

ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ, 1980களின் தொடக்கத்தில் நைஜரின் மராடி வட்டாரத்தில் ஒரு கிறித்தவத் தொண்டு அமைப்பின் மரம் நடும் பணியை நடத்தி வந்தார். 1983 இல், வயல்களில் புதர்கள் போலத் தெரிந்தவை வெட்டப்பட்ட மரங்களின் துளிர்களே என்பதை அவர் கவனித்தார். உழவர்கள் ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக்கு முன் அவற்றை வெட்டி எரித்து வந்ததால் அவை வளரவில்லை. மண்ணுக்கு அடியில் வேர்கள் உயிரோடு இருந்தமையால், இதனை அவர் "நிலத்தடிக் காடு" எனக் குறிப்பிட்டார். அடிக்கட்டையில் இருந்து மரம் வளர்க்கும் வழக்கம் பல நாடுகளில் தொன்றுதொட்டு உள்ளதே. விளைநிலத்தில் அதை முறைப்படுத்தியதே இங்கு நிகழ்ந்த மாற்றம்.

முதலில் சில உழவர்களே இணங்கினர். அவர்கள் அண்டை அயலாரின் கேலிக்கு ஆளாயினர். 1984 இல் கடும் பஞ்சம் ஏற்பட்டபோது, துளிர்களைக் காப்பவர்களுக்குத் தானியம் வழங்கும் திட்டம் செயற்படுத்தப்பட்டது. திட்டம் முடிந்ததும் காக்கப்பட்ட மரங்களில் பெரும்பகுதி மீண்டும் வெட்டப்பட்டது. ஆயினும் பயனைக் கண்ணால் கண்ட உழவர்கள் தாமாகவே தொடர்ந்தனர். பின்னர் இம்முறை ஊர்விட்டு ஊர் பரவியது.

செயல்முறை

1. நிலத்தில் உள்ள உயிருள்ள அடிக்கட்டைகளைக் கணக்கிட்டு, காக்கவேண்டியவற்றை உழவர் தேர்ந்தெடுப்பார்.
2. ஒவ்வொரு கட்டையிலும் நேராகவும் வலுவாகவும் உள்ள சில துளிர்களை மட்டும் விட்டு, மற்றவற்றை வெட்டுவார்.
3. விடப்பட்ட தண்டுகளின் கீழ்ப்பாதியில் உள்ள பக்கக் கிளைகளைக் கவாத்து செய்வார்.
4. புதிய துளிர்களை அவ்வப்போது நீக்குவார். ஆண்டுக்கு ஒரு தண்டை வெட்டி விறகாகவோ கம்பாகவோ பயன்படுத்தலாம்.

வேர் ஏற்கெனவே ஆழமாக இறங்கியிருப்பதால் துளிர் விரைவாக வளர்கிறது. நாற்றங்காலும் பாசனமும் தேவையில்லை. கத்தியும் உழைப்பும் போதும். எத்தனை மரங்களை விடுவது என்பதை உழவரே முடிவு செய்கிறார்.

காவோ மரம்

ஹௌசா மொழியில் காவோ எனப்படும் பைதெர்பியா அல்பிடா, இம்முறையில் காக்கப்படும் மரங்களுள் சிறப்பானது. இது மழைக்காலத்தில் இலைகளை உதிர்த்து, கோடையில் தழைக்கிறது. எனவே பயிர் வளரும் காலத்தில் நிழலால் அதைத் தடுப்பதில்லை. பருப்பினக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. இலைச்சருகும், கோடை நிழலில் தங்கும் கால்நடைகளின் சாணமும் மண்ணை வளப்படுத்துகின்றன. இதன் காய்கள் நல்ல தீவனம்.

மர உரிமை

பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் சட்டப்படி மரங்கள் அரசுக்கு உரியவையாகக் கருதப்பட்டன. 1960 இல் விடுதலை பெற்ற பின்னும் அந்நிலை தொடர்ந்தது. தம் வயலில் உள்ள மரத்தை வெட்டினாலும் தண்டம் செலுத்த நேரிடும் என்பதால், மரத்தை வளரவிடுவதில் உழவர்களுக்கு நாட்டம் இருக்கவில்லை. மராடியில் வனத்துறையினர் இவ்விதியைக் கடுமையாகச் செயற்படுத்தாமல் விட்டது பரவலுக்கு உதவியது. 2004 இல் வனச்சட்டம் திருத்தப்பட்டது. 2020 இல் வெளியான அரசாணை, இம்முறையில் காத்த மரங்களின் மீது உழவர்களுக்கு உள்ள உரிமையைத் தெளிவாக்கியது.

பயன்கள்

மரங்கள் காற்றின் வேகத்தைக் குறைப்பதால் மறுவிதைப்பு குறைந்தது. விறகு தேடிப் பெண்கள் நடக்கும் தொலைவும் குறைந்தது. 2004-05 இல் வறட்சியும் வெட்டுக்கிளிகளும் பயிரை அழித்தபோது, மரங்கள் இருந்த ஊர்களில் விறகு விற்றுத் தானியம் வாங்க முடிந்தது.

எத்தியோப்பியாவின் ஹம்போ பகுதியில் 2006 முதல் ஏறத்தாழ 2,700 எக்டேர் மலைநிலம் இம்முறையில் மீட்கப்பட்டது. ரினாடோவுக்கு 2018 இல் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது. புர்கினா பாசோவில் குழிகளில் எருவிட்டு விதைக்கும் சாய் முறையை மேம்படுத்திய உழவர் யாக்கூபா சவடோகோவும் அவ்வாண்டில் அவ்விருதைப் பெற்றார்.

வரம்புகள்

உயிருள்ள கட்டையோ வேரோ மண்ணில் தங்கிய விதையோ இல்லாத இடத்தில் இம்முறை பயன்தராது. அங்கு நடவே வழி. அறுவடைக்குப்பின் மேயும் கால்நடைகளும் மரத்திருட்டும் இடர்களாக உள்ளன. தனி ஒருவர் தம் வயலில் மட்டும் மரங்களைக் காப்பது கடினம் என்பதால், ஊர் கூடி விதிகள் வகுப்பது தேவையாகிறது. நாடோடி மேய்ப்பர்களையும் நிலவுரிமை இல்லாத பெண்களையும் கலந்து கொள்ளாத விதிகள் பூசலுக்கு இடம் தருகின்றன.