தெளிந்த நீரும் பொய் சொல்லும்



மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குச் செல்வோர் காலணிகளை மணலில் கழற்றி வைத்துவிட்டு அலையில் கால் நனைப்பர். அக்காலணிகளின் தோலில் ஓர் உலோகம் மறைந்திருப்பதை எத்தனை பேர் அறிவர்? அதுவே குரோமியம். உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பினாலேயே பதனிடப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறளிப்பதும் இத்தொழிலே.

குரோமியத்திற்கு இரு முகங்கள் உண்டு. பதனிடப் பயன்படும் மூன்றாம் நிலைக் குரோமியத்தால் தீங்கு குறைவு. ஆறாம் நிலைக் குரோமியமோ புற்றுநோயை விளைவிக்கும் நஞ்சு. முன்னது பின்னதாக மாறவும் கூடும். ஆகவே ஆய்வுக்கூடம் இரு வினாக்களுக்கு விடை தேடுகிறது: மொத்தம் எவ்வளவு? அதில் நஞ்சு எவ்வளவு?

மொத்தத்தை அறிய, மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சிக் கரைத்து, அக்கரைசலைச் சுடரில் தூவுகின்றனர். அங்குள்ள குரோமிய அணுக்கள் 357.9 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கவர்ந்துகொள்ளும். குறைந்த ஒளியை, அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். இம்முறையை 1955-இல் உலகிற்கு அளித்தவர் ஆஸ்திரேலிய அறிஞர் ஆலன் வால்ஷ். ஆறாம் நிலையை அறிய, டைபீனைல் கார்பசைடு என்னும் வேதிப்பொருளைச் சேர்ப்பர். செவ்வூதா நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியே நஞ்சின் அளவு.

குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவு சிறு அளவைக் கண்ணோ நாவோ காட்டித் தராது. பெசன்ட் நகருக்கு அருகே, அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் தேவை இங்கேதான் விளங்குகிறது. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் எந்தக் கருவியும் தன்னிடம் தரப்பட்ட மாதிரியைத்தான் அளக்கும். மொத்த அளவுக்கான நீரில், எடுத்தவுடன் சிறிது அமிலம் சேர்க்க வேண்டும். ஆறாம் நிலைக்கான நீரில் அதைச் சேர்த்து வைத்தால், நஞ்சு மூன்றாம் நிலையாக மாறிவிடக்கூடும். அறிக்கை தூய்மை என்னும். கிணறோ நஞ்சாகவே இருக்கும்!

ஆகவே தொழில் நடத்துவோரே, நீரைச் சோதிக்கத் தரும் குடும்பத்தாரே! அந்தச் சிறு குப்பி, அந்நீரைப் பருகும் குழந்தைகளின் அமானிதம். அதை நேர்மையாக நிரப்புவோம்.