வரப்போரக் கல்லைப் பெயர்க்கும் முன்...

சாலையை அகலப்படுத்தும் வேலை ஊருக்கு வந்தால் முதலில் போவது புளியமரம். அடுத்துப் போவது அதன் அடியில் பாதி புதைந்து கிடக்கும் பழைய கல். மரத்துக்காவது நாலு பேர் குரல் கொடுப்பார்கள். கல்லுக்காகக் கேட்க ஆள் இருப்பதில்லை. ஜேசிபி ஒருமுறை அள்ளிப்போட்டால், ஆயிரம் வருடக் கல் சிறுபாலத்துக்கு அடியில் போய்விடும். வயலைச் சமன் செய்யும்போதும், கிணறு தோண்டும்போதும் இதே கதைதான். துவைக்கும் கல்லாகவும், மாட்டுக்கொட்டகைப் படியாகவும் மாறியவை எத்தனையோ.

இந்தக் கற்களில் பல, ஆடு மாடு வளர்த்தவர்களையும் நிலத்தையும் பற்றியவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் உயிரைவிட்ட கருந்தேவகத்தி என்ற வீரனின் நினைவாக எடுத்த கல் அது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே எழுத்து இருக்கிறது. பட்டிக்குக் காவலிருந்த ஒரு நாயின் பெயர் 1,300 வருடங்களுக்கு மேல் நிலைத்து நிற்கிறது. இது எந்த அரண்மனைச் சுவரிலும் கிடைத்த செய்தி அல்ல.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் இன்னும் பழமையானவை. தமிழி எழுத்தில் வெட்டியவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. ஆகோள் என்றால் மாடுகளைக் கவர்ந்து செல்வது. மாடுதான் அன்று சொத்து. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டல்லவா? செங்கம், தருமபுரிப் பக்கங்களில் இப்படிப்பட்ட நடுகற்கள் ஏராளம். பல இடங்களில் அவற்றை வேடியப்பன் என்று பெயரிட்டுக் கும்பிடுகிறார்கள். கும்பிட்டதால்தான் அவை தப்பிப் பிழைத்தன என்றும் சொல்லலாம்.

வழிகாட்டிய கற்களும் உண்டு. தருமபுரிப் பகுதியில் 'அதியமான் பெருவழி' என்று எழுதிய 13-ஆம் நூற்றாண்டுக் கற்கள் கிடைத்தன. நாவற்றாவளம் என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்பதைத் தமிழ் எண்ணில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. எழுத்து தெரியாதவர்கள் விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள, பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி என்று குடைந்து வைத்திருக்கிறார்கள். 27 காதம் என்றால் இரண்டு பெரிய குழி, ஏழு சிறிய குழி. பொதிமாடு ஓட்டிப் போகிறவனை மனத்தில் வைத்துச் செய்த வேலை இது. இன்றைய அறிவிப்புப் பலகைகளில் இந்த அக்கறை எத்தனையில் இருக்கிறது?

சுமைதாங்கியைப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையை யாரும் கைகொடுக்காமலே இறக்கி, ஏற்றிக்கொள்ளும் உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. சிலவற்றில் பெயரும் வருடமும் இருக்கும். சந்தைக்குப் போகிறவர்கள் தலைச்சுமையை விட்டு வண்டிக்கு மாறியதும் இவை அனாதையாகிவிட்டன.

விவசாயிகளின் கண்ணில் அதிகம் படக்கூடியது எல்லைக் கல். சூலம் பொறித்திருந்தால் சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லை; சக்கரம் இருந்தால் பெருமாள் கோயிலுக்கு விட்டது. ஏரி, கண்மாய்களில் மதகுக் கல்லிலும், குமிழித் தூம்பின் தூணிலும் அதைச் செய்து கொடுத்தவரின் பெயர் இருக்கலாம். மதகைப் பழுது பார்க்கும்போது பழைய தூணை உடைத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை கழுவிப் பார்ப்பது நல்லது.

எழுத்தோ உருவமோ உள்ள கல் கிடைத்தால் என்ன செய்வது? அரிவாளாலோ கம்பி பிரஷ்ஷாலோ சுரண்டக்கூடாது. எழுத்தின் ஓரம் பெயர்ந்தால் படிக்கவே முடியாமல் போகும். பெயின்ட் அடிப்பதும் கூடாது. பக்தியோடு அடித்தாலும் எழுத்து மூடிக்கொள்ளும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போட்டோ எடுத்தால் எழுத்து நன்றாகத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடமோ, வட்டாட்சியரிடமோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கும் சொல்லலாம். மண்ணுக்குள்ளிருந்து சிலையோ காசோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

'சொன்னால் நிலம் போய்விடுமோ' என்ற பயம்தான் பலரை வாய்மூட வைக்கிறது. ஒரு கல் கிடைத்ததால் மட்டும் பட்டா மாறிவிடாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க அரசு முறையாக அறிவிக்கை வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்ல அவகாசமும் உண்டு.

கல்லை அதே இடத்தில் விட்டுவைப்பதுதான் முதல் யோசனை. சாலை வேலையால் அது முடியாது என்றால், பெயர்ப்பதற்கு முன் சர்வே எண்ணையும், கல் எந்தத் திசை பார்த்து நின்றது என்பதையும், பக்கத்தில் குளமோ கோயிலோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கயிறு உரசும் இடங்களில் சாக்கு சுற்றித் தூக்குங்கள். பஞ்சாயத்து அலுவலக வளாகத்திலோ பள்ளிக்கூட வளாகத்திலோ எழுத்துள்ள பக்கம் வெளியே தெரியும்படி நட்டுவைக்கலாம். அடியில் சிமென்ட் போடும்போது கடைசி வரி மூடிவிடாமல் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.