தாங்குபவரைத் தாங்குவது யார்?
தொற்றுக்காலச் சபைகளும் வில்லாவுட்டும்

'சபை நாட்டுதல்' என்ற சொல்லைக் கண்டதும் வாசகர்களிற் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். மதமாற்றம், அமெரிக்கப் பணம், ஒலிபெருக்கி ஆகிய மூன்று சொற்களோடு எம்மவர் மத்தியில் இவ்விடயம் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. நான் விசுவாசியல்ல. ஆயினும் கொவிட் காலத்தை வில்லாவுட்டிற் கழித்தவன் என்ற வகையில் இச்சபைகளின் செயற்பாட்டை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதிலிருந்து எழுந்த கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. மற்றவர்களைத் தாங்கி நிற்பவரை யார் தாங்குவது? கோயில் நிர்வாகசபை, ஊர்ச்சங்கம், தமிழ்ப் பாடசாலை, அகதி உதவிக்குழு, ஏன் இத்தகைய சஞ்சிகைகளுங்கூட இக்கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் விடயத்தை விளக்கிவிடுகிறேன். ஏற்கெனவே உள்ள ஒரு திருச்சபை வளர்வது வேறு. சபையே இல்லாத ஓரிடத்தில் ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ அனுப்பிப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது வேறு. பின்னையதையே சபை நாட்டுதல் என்கிறார்கள். இதனை ஒழுங்குபடுத்தி நடத்தும் வலையமைப்புகள் பல உள்ளன. 1998இல் அமெரிக்காவில் தோன்றிய 'அக்ற்ஸ் 29' அவற்றுள் ஒன்று. அப்போஸ்தலருடைய நடபடிகள் என்ற விவிலிய நூலில் 28 அதிகாரங்களே உண்டு. இருபத்தொன்பதாவது இன்று எழுதப்படுகிறது என்பதே பெயரின் உட்பொருள். அவுஸ்திரேலியாவில் 'ஜெனீவா புஷ்' என்ற அமைப்பு இப்பணியில் அறியப்பட்டது.

இவ்வமைப்புகளின் இலக்கு எதுவாயினும், அவை தலைவரை நடத்தும் முறை கவனிக்கத்தக்கது. புதிய சபையைத் தொடங்க விரும்புபவரை முதலில் மதிப்பீடு செய்கிறார்கள். அவருடைய பேச்சாற்றலை மட்டுமல்ல, குடும்ப வாழ்வையும் மன உறுதியையும் விசாரிக்கிறார்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரை வழித்துணையாக அமர்த்துகிறார்கள். அவர் மாதந்தோறும் பேசுவார். கணக்கையும் கேட்பார், நித்திரையையும் கேட்பார். ஒரே காலத்தில் சபை தொடங்கிய சிலரை ஒரு குழுவாகக் கூட்டுகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் வெளியிலிருந்து பணம் வரும். அது படிப்படியாகக் குறைந்து, சபை தன் காலில் நிற்க வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு.

2020 மார்ச் 23ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் வழிபாட்டிடங்கள் மூடப்பட்டபோது இந்த ஏற்பாடு சோதனைக்கு வந்தது. சொந்தக் கட்டடமும் பழைய சொத்தும் உள்ள திருச்சபைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. புதிய சபைகளோ பெரும்பாலும் பாடசாலை மண்டபங்களையும் சமூக நிலையங்களையும் வாடகைக்கு எடுத்துக் கூடியவை. மண்டபம் போனபோது கூட்டம் போயிற்று. கூட்டம் போனபோது காணிக்கைத் தட்டும் போயிற்று. ஜூன் மாதத்தில் நியூ சவுத் வேல்ஸில் ஐம்பது பேர் வரை கூடலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் இடைவெளி விட்டு இருக்க வேண்டும், கூடிப் பாடுதல் ஆகாது. பாட்டில்லாத சபை எப்படியிருக்கும் என்பதைக் கூட்டுப்பாட்டிலேயே வளர்ந்த எமது கிறிஸ்தவ நண்பர்களைக் கேட்டால் தெரியும்.

இந்நிலையில் வலையமைப்புவழித் தாங்குதல் நான்கு வகைப்படும். ஒன்று, தொழில்நுட்ப அறிவு: கமெராவை எங்கே வைப்பது, ஸூம் வழியே சிறு குழுக்களை எவ்வாறு நடத்துவது என்பன. இரண்டு, சட்ட அறிவு: கிழமைக்கொருமுறை மாறிய சுகாதார ஆணைகளை விளக்கிச் சொல்வது. மூன்று, துணை: வழித்துணைவரின் அழைப்பும் சகபோதகர் குழுவும் திரைக்கு மாறின. நான்கு, பணம். இந்த நான்காவதில் வலையமைப்புகளை விடப் பெரிய கை அரசினுடையது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 30 முதல் நடைமுறைக்கு வந்த 'ஜொப்கீப்பர்' திட்டம் இரு கிழமைக்கு 1500 டொலர் வழங்கியது. பதிவுசெய்யப்பட்ட தொண்டு நிறுவனங்கள் தமது வருமானத்தில் 15 வீத வீழ்ச்சியைக் காட்டினாற் போதும். சமய ஊழியர்களையும் அதன் விதிகள் உள்ளடக்கின. ஆகவே பதிவு, கணக்கு, சம்பளப் பட்டியல் ஆகிய மூன்றும் உள்ள ஒரு சபையின் போதகருக்கு அடுப்பு எரிந்தது.

அடுப்பு எரிந்தும் மனம் அணைந்தது என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவில் 'பார்னா' ஆய்வு நிறுவனம் புரட்டஸ்தாந்து போதகர்களிடம், கடந்த ஆண்டில் முழுநேர ஊழியத்தை விட்டுவிட எண்ணினீர்களா என்று கேட்டது. 2021 ஜனவரியில் 29 வீதத்தினர் ஆம் என்றனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் 38 வீதம். 2022 மார்ச்சில் 42 வீதம். தொற்றின் முதல் அதிர்ச்சியைவிட அதன் நீட்சியே தலைவர்களைத் தின்றது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. சம்பளமும் துணையும் உள்ளவர்களின் நிலை இதுவென்றால், இரண்டும் இல்லாதவரின் நிலை என்ன?

இங்குதான் வில்லாவுட் வருகிறது. 1949இல் குடியேறிகள் விடுதியாகத் தொடங்கி 1976 முதல் தடுப்பு முகாமையும் கொண்டிருக்கும் இப்பகுதியை எம்மவர் பலர் முகாமின் பெயராகவே அறிவர். முகாமுக்கு வெளியே இது ஒரு தொழிலாளர் குடியிருப்பு. அரபு, வியட்நாமிய, தமிழ்க் குடும்பங்கள் அயலில் வாழ்கின்றன. ஞாயிறு பிற்பகல்களில் வேறொரு சபையின் மண்டபத்தை இரவல் வாங்கிக் கூடும் சிறு சபைகள் இங்கு பல. அவற்றை நடத்துபவர்கள் பகலில் களஞ்சியசாலையிலோ துப்புரவு வேலையிலோ இருப்பவர்கள். நான் அறிந்த தமிழ்ச் சபைத் தலைவர் ஒருவர் அப்படிப்பட்டவர். பிரிட்ஜிங் விசாவில் இருந்தவர். அவருக்குச் சம்பளப் பட்டியல் இல்லை. எந்த வலையமைப்பின் மதிப்பீட்டுக்கும் அவர் போனதில்லை.

ஜொப்கீப்பர் தற்காலிக விசாக்காரரைச் சேர்க்கவில்லை. 2020 ஏப்ரல் 3ஆம் திகதி பிரதமர் ஸ்கொட் மொறிசன், தம்மைத் தாமே பராமரிக்க முடியாத வருகையாளரும் மாணவரும் தத்தம் நாடுகளுக்குத் திரும்ப வேண்டும் என்ற பொருளில் பேசினார். திரும்ப முடியாமையினாலேயே இங்கிருப்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அகதி விண்ணப்பதாரருக்கான உதவித்தொகையோ வேலையற்றோர் கொடுப்பனவின் 89 வீதம் மட்டுமே. அதுவும் 2018 முதல் பலரிடமிருந்து நிறுத்தப்பட்டிருந்தது. கொவிட்டுக்காக ஏனைய கொடுப்பனவுகளோடு சேர்த்த 550 டொலர் மேலதிகம் இவர்களை எட்டவில்லை. 2021இல் வந்த அனர்த்தக் கொடுப்பனவு வேலை அனுமதியுள்ள தற்காலிக விசாக்காரருக்கும் கிடைத்தது. அந்த அனுமதியும் இல்லாதவர் அப்போதும் வெளியேதான்.

2021 ஜூன் 26இல் சிட்னி மீண்டும் மூடப்பட்டது. ஜூலை நடுப்பகுதியிலிருந்து பெயர்பீல்ட், கன்ரபெரி பாங்ஸ்ரவுன், லிவர்பூல் ஆகிய மாநகராட்சிப் பகுதிகளில் அத்தியாவசிய வேலைக்காரர் தவிர ஏனையோர் தொழிலுக்காக எல்லை தாண்டக்கூடாது என்றார்கள். வில்லாவுட் முதலிரண்டிலும் அடங்குவது. பின்னர் ஐந்து கிலோமீற்றர் எல்லை, ஓகஸ்டில் இராணுவத்தினரின் வருகை, அதன்பின் இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை ஊரடங்கு. ஊரடங்கு என்ற சொல்லுக்கு எமது சனங்களின் உடம்பில் வேறு நினைவு இருக்கிறது. அந்த மாதங்களில் மேற்சொன்னவர் அரிசியும் பருப்பும் கொண்டு போனார். மருத்துவமனைத் தொலைபேசியில் மொழிபெயர்த்தார். ஊரில் நடந்த சாவீட்டை இங்கிருந்த பிள்ளைகளுக்குத் திரையிற் காட்டிக் கூட அழுதார். சில நாட்கள் நானும் பைகள் தூக்கினேன். அவருடைய மனைவி செய்தது அதைவிட அதிகம். இரவில் ரெலிபோனை எடுத்தவர் அவரே. 'தலைவர்' என்ற சொல்லால் அவரை ஒருவரும் அழைத்ததில்லை.

முகாமுக்குள்ளும் தலைவர்கள் இருந்தார்கள். தடுத்து வைக்கப்பட்டோரே ஜெபக்குழு நடத்துவதும், உடைந்துபோனவருக்குப் பக்கத்தில் இரவு முழுதும் இருப்பதும் நீண்டகாலமாக நடந்துவந்தவை. 2020 மார்ச் பிற்பகுதியிற் பார்வையாளர் வருகை நிறுத்தப்பட்டபின் அவர்களுக்கு மிஞ்சியது கைத்தொலைபேசி. அதே ஆண்டில் அந்தத் தொலைபேசியையே பறிக்க வழிசெய்யும் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஒக்ரோபரில் செனற்றர் ஜக்கி லம்பி ஆதரவளிக்க மறுத்ததால் அது நிறைவேறவில்லை. ஒரு செனற்றரின் வாக்கிலே தொங்கியது அந்தத் துணை.

இதிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்றே. தொற்றுக்காலத்தில் தாங்குதல் என்பது ஏற்கெனவே வெட்டப்பட்ட வாய்க்கால் வழியே ஓடியது. யார் தலைவர் என்று முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்ததோ அவருக்குத் தண்ணீர் போயிற்று. பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு தாங்கியிருந்தாலும் வரப்புக்கு வெளியே நின்றார்.

இந்தப் பிரச்சினை எமக்குப் புதியதுமன்று. 1816இல் யாழ்ப்பாணத்திற் காலூன்றிய அமெரிக்க மிஷனைப் பார்வையிட 1855இல் அதன் செயலாளர் றூபஸ் அண்டர்சன் வந்தார். உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே தாங்கி, ஆண்டு, பரப்பிக்கொள்ள வேண்டும் என்பது அவரது கொள்கை. வட்டுக்கோட்டைச் செமினரி அதே ஆண்டு மூடப்பட்டது. கொள்கை சுயமரியாதையுடையது, ஆனால் அதன் பாரம் உள்ளூர்ப் போதகரின் வீட்டுப் பானையில் இறங்கியது. அந்தப் பானையை நிரப்பியது எது? பெண்கள் சமைக்குமுன் ஒதுக்கிவைத்த பிடியரிசி. சைவப் பாடசாலைகளுக்கும் இதே பிடியரிசி உதவியதை வாசகர் அறிவர். 1903இல் அசரியா முதலானோர் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமும் இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்ற உறுதியோடு நின்றது. தாங்கும் கைக்கு அருகில் தாங்கப்படுபவர் இருந்தார் என்பதே அம்முறையின் பலம்.

தூரத்திலிருந்து தாங்கும்போது வேறு சிக்கல் எழுகிறது. 2020 மார்ச் 15இல் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த தமிழ்ப் போதகர் ஒருவர் அரியாலையில் ஆராதனை நடத்தினார். திரும்பிச் சென்றபின் அவருக்குத் தொற்று உறுதியானது. யாழ்ப்பாணத்தில் முதலில் அடையாளங்காணப்பட்டவர் அவருடன் தொடர்புற்றிருந்தவர். தொற்றுக்கு மதமில்லை, ஆனால் தனிமைப்படுத்தலும் ஊர்ப் பழியும் அங்கேயே இருந்த விசுவாசிகளின் தலையில் விழுந்தன. 2021 ஏப்ரலில் தென்னிந்தியத் திருச்சபையின் தென்கேரளப் பேராயம் மூணாறில் நூற்றுக்கணக்கான போதகர்களைத் தியான முகாமுக்குக் கூட்டியது. பலர் தொற்றோடு திரும்பினர், சிலர் இறந்தனர். தலைவரைத் தாங்குவதற்கென்று கூட்டிய கூட்டமே அவரைச் சாய்த்தது. தாங்குதலை ஒரு நிகழ்ச்சியாக்கினால் நேர்வது இதுதான். அது ஓர் உறவாக, கிழமைக்கொரு அழைப்பாக இருந்திருந்தால் மண்டபம் தேவைப்பட்டிராது.

எம்மவர் அமைப்புகளுக்கு வருகிறேன். இருபது வருடம் செயலாளராக இருந்தவர் மனமுடைந்து ஒதுங்கினால், அவரைப் பற்றி வதந்தி பேசுவோமேயன்றி ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை. தியாகம் என்ற சொல்லை வைத்து ஓய்வு என்ற சொல்லை நாம் அழித்துவிட்டோம். இதில் சபை வலையமைப்புகளிடம் கற்க வெட்கப்பட வேண்டியதில்லை. பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் அமைப்புக்கு வெளியே ஒரு வழித்துணைவர். வருடத்தில் குறித்த காலம் கட்டாய ஓய்வு. பதவிப் பெயர் இல்லாமல் வேலை செய்பவர்களையும், குறிப்பாகப் பெண்களையும் விசாவற்றவர்களையும், முதலிற் சேர்த்த ஒரு பட்டியல். அப்பட்டியலுக்கென ஒரு பிடியரிசி நிதி.

2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கான வழி திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தோர் அதற்குள் அடங்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் தொற்றுக்காலத்தில் மற்றவர்களைத் தாங்கினார்கள் என்று எந்த அமைப்பும் எழுதிவைக்கவில்லை. அடுத்த தொற்றோ அடுத்த சட்டமோ வருவதற்கு முன் அந்தப் பட்டியலை யார் எழுதுவது? சபைகளா, சங்கங்களா, நாமா? மாற்றுக் கருத்துடையோர் எழுதட்டும். பட்டியலில் முதற் பெயரை வைத்திருப்போர் அதற்கு முன்னரே எழுதட்டும்.