மின்சார மோட்டார் சைக்கிளில் துரித சார்ஜர் பொருத்தும் விதம்

ஆரணி வட்டாரத்தில் மின்சார மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர், தனியே வாங்கிய துரித சார்ஜரை ஐப்பசி மழைக்கு அஞ்சிப் பாலிதீன் உறையிட்டுக் கட்டுவது அபாயகரம். 3,000 வாட் இழுக்கும் சார்ஜரில் 100க்கு 10 பங்கு வீணானாலும் 300 வாட் உஷ்ணமாக வெளிப்பட வேண்டும்; உறை அதனைத் தடுத்துவிடும். தறியும் பட்டு நூலும் உள்ள வீட்டில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

சேறு தெறிக்காத உயரத்தில், உலோகத் தகட்டின் மீது, அதிர்ச்சி தாங்க ரப்பர் வளையமிட்டு, உஷ்ணம் போக்கும் துடுப்புகள் நெட்டுக்குத்தாக நிற்குமாறு முடுக்க வேண்டியது. ஐபி 67 குறியுள்ள பெட்டி 1 மீட்டர் ஆழ ஜலத்தில் 30 நிமிஷம் தாங்கும். ஆயினும் கம்பி நுழையும் வாயை அவ்வளவு நம்பலாகாது. கம்பியைத் தொங்கலாக வளைத்துக் கீழிருந்து நுழைத்தால் மழைநீர் வளைவிலேயே சொட்டிப்போகும்.

பாட்டரி செய்தோர் விதித்த ஆம்பியரை மீறலாகாது. 230 வோல்ட்டில் மேற்படி சார்ஜர் சுமார் 13 ஆம்பியர் இழுப்பதால், 16 ஆம்பியர் பிளக்கும் எர்த் கம்பியும் அவசியம்.