வரைபலகையும் தறியும்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில், விடுமுறைக் காலத்தே, சேலைக்கரைக்கு மயில் வரைதற்பொருட்டுக் கணினியோடு இணைந்த வரைபலகையை யாம் பயிலத் தொடங்கினோம். கை பலகைமேலும் கண் திரைமேலும் நிற்றலின், முதல் வாரத்துக் கோடுகள் யாவும் கோணின. பலகையினுள் அமைந்த கம்பிவலையின் காந்தப்புலத்தால், மின்கலமின்றியே இயங்கும் எழுதுகோல்கள் உள. கையழுத்தத்தை 8192 படிகளாகப் பகுத்துணரும் பலகைகளும் உள. ஆயின், தறி இந்நுட்பங்களுள் ஒன்றையும் அறியாது! பாவிழை ஊடைக்கு மேலே நிற்கும், அன்றேல் கீழே செல்லும், இடைநிலை இல்லை. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த பொறியின் அட்டையிலும் துளை உண்டு, அன்றேல் இல்லை; அவ்வளவே. ஆதலின், மெல்லென மங்கி மறைந்த எம் மயில்தோகையைக் கட்டங்கட்டமாக மீண்டும் வரைந்தோம். கட்டத்தாளில் பென்சிலால் வரைந்து பழகிய முதிய நெசவாளர் ஒருவர் திரையை உற்றுநோக்கி, கழுத்தில் 2 கட்டங்களை நீக்கச் சொன்னார். நீக்கினோம், மயில் தலைநிமிர்ந்தது.