அம்மம்மாவின் கொப்பிக்கு ஒரு ஜப்பான் திறப்பு

எனக்கு மகள் பிறக்க இருந்த நேரம் ஒரு குரோஷே போர்வை பின்னத் தொடங்கினேன். இணையத்தில் எடுத்த பாட்டர்ன். சுத்தமான ஆங்கிலம், விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை. 40 வரிசை முடித்து அளந்து பார்த்தால், சொன்ன நீளத்தில் பாதியும் வரவில்லை. அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது போர்வை இல்லை, கால்மிதி" என்றா.

பிழை என் கையில் இல்லை, ஆங்கிலத்தில்தான். அமெரிக்காவில் 'டபுள் குரோஷே' என்று எழுதுவதை இங்கே பிரித்தானியாவில் 'ட்ரெபிள்' என்பார்கள். இங்கத்தைய 'டபுள்' அங்கே 'சிங்கிள்'. பெயர் ஒன்று, உயரம் வேறு. நான் லண்டனில் பழகிய டபுளைப் போட்டேன். எழுதினவர் கேட்டதோ அதைவிட நல்ல உயரமான பின்னல்.

இப்போது பாட்டர்னைக் கையில் எடுத்தவுடன் 'சிங்கிள்' என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அது அமெரிக்க முறை. பிரித்தானிய முறையில் சிங்கிளே கிடையாது. ஒரு கண்ணியை விட்டுப் போகச் சொல்லும்போது அமெரிக்கர் 'ஸ்கிப்' என்பார்கள், இங்கே 'மிஸ்'.

தெரியாத மொழி இப்படி ஏமாற்றாது. தெரியாது என்று தெரிவதால் மெதுவாகப் போகிறோம், ஒவ்வொரு அடியையும் எண்ணிப் பார்க்கிறோம். இதை எனக்குக் காட்டித் தந்தது என் மகள். அவளுக்கு இப்போது 11 வயது. அலெக்சாண்ட்ரா பேலஸில் நடக்கும் நிட்டிங் அண்ட் ஸ்டிச்சிங் ஷோவுக்குப் போனபோது, ஒரு ஜப்பானியப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். அட்டையில் பூ வடிவத்தில் ஒரு சின்னப் பை. "ஒரு எழுத்தும் வாசிக்கேலாதே" என்றேன். "படம் இருக்குத்தானே அம்மா" என்றாள்.

உண்மைதான். ஜப்பானியப் புத்தகங்களில் பெரும்பாலும் வேலை முழுவதும் ஒரு குறியீட்டுப் படத்திலேயே இருக்கும். முட்டை வடிவம் என்றால் சங்கிலி. சின்னப் பெருக்கல் குறி என்றால் அமெரிக்க சிங்கிள், நமது டபுள். நிமிர்ந்த கோட்டுக்கு மேலே ஒரு தொப்பிக் கோடும் நடுவில் ஒரு சாய்ந்த கீறும் இருந்தால் நமது ட்ரெபிள். அந்தக் கீறுகள் எத்தனையோ, அத்தனை தரம் நூலை ஊசியில் சுற்றிவிட்டுக் கண்ணிக்குள் விட வேண்டும். வட்டமான வேலை என்றால் நடுவிலிருந்து வெளியே, வலக்கைக்காரருக்கு மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாக வாசிக்க வேண்டும். ஊசி 5/0 என்று போட்டிருந்தால் அது 3 மில்லிமீட்டர்.

மகள் குறிகளைத் தேடிப் பிடித்தாள். என் அம்மா, அதாவது அவளுடைய அம்மம்மா, புத்தகத்தின் போட்டோவை மட்டும் பார்த்தா. "நடுவில ஆறு சங்கிலி போட்டு வளையம் கட்டு. பிறகு எல்லாம் நெட்டை" என்றா. படத்தில் எண்ணினோம். ஆறு முட்டை, அதைச் சுற்றி நிமிர்ந்த கோடுகள். இங்கிலிஷும் வாசிக்காத, ஜப்பானும் தெரியாத மனுசி சொன்னது அப்படியே சரி.

'நெட்டை' என்ற சொல்லில்தான் நான் நின்றேன். அது எந்தப் புத்தகத்திலும் இருக்கிற சொல் இல்லை. அம்மா அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் சிஸ்டர்மாரிடம் பின்னல் பழகியவ. அவர்கள் சொன்ன இங்கிலிஷ் பெயர் வாயில் நிற்காமல் போனதால் தானே வைத்த பெயர்கள்: சங்கிலி, குட்டை, நெட்டை.

பிறகு மற்ற மொழிகளைத் தேடிப் பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. ஸ்பானிய மொழியில் இந்த இரண்டு பின்னலுக்கும் 'தாழ்ந்த புள்ளி', 'உயர்ந்த புள்ளி' என்ற பொருளில்தான் பெயர். ஜப்பானியத்தில் நெட்டைக்கு 'நீளப் பின்னல்'. ஜெர்மனில் அதே பின்னலுக்குச் 'சின்னக் குச்சி', சங்கிலிக்குக் 'காற்றுக் கண்ணி'. பிரெஞ்சில் நெட்டையை எழுதும் சொல், எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் மணப்பெண்ணுக்கு எழுதுவது போலவே இருக்கும். "இந்த வரிசையில 5 மணப்பெண் போடட்டாம்" என்று மகள் சிரித்து விழுந்தாள். எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்ததையே பெயராக வைத்திருக்கிறார்கள், என் அம்மாவும்தான்.

அந்தப் பெயர்களோடு அம்மாவிடம் ஒரு கொப்பியும் இருக்கிறது. மேசை விரிப்பு, பிள்ளைத் தொப்பி, தலையணை உறை ஓரம் என்று 14 பாட்டர்ன்கள். "11ம் நம்பர் ஊசி. 6 ச, வளை. 3 ச, 15 நெ" என்று பென்சிலில் எழுதியிருக்கிறா. பழைய பிரித்தானிய நம்பர் 11 என்பதும் 3 மில்லிமீட்டர்தான், ஜப்பானின் அதே 5/0.

மகள் அந்தக் கொப்பியை ஒருநாளும் திறந்ததில்லை. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிக்கக் கஷ்டப்படுவாள். பென்சில் கையெழுத்து என்றால் கேட்கவே வேண்டாம். ஜப்பான் புத்தகத்தைக் கேட்டு வாங்கிய பிள்ளைக்கு வீட்டில் இருந்த கொப்பிதான் அந்நிய மொழி. அது எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனால் வழியும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது.

சனிக்கிழமைகளில் மூவரும் இருக்கிறோம். அம்மா கொப்பியைப் பார்த்து வாசிக்கிறா, ஒரு சுற்றுப் பின்னுகிறா. மகள் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று கண்ணிகளை எண்ணி, ஜப்பான் குறிகளில் கட்டக் கொப்பியில் கீறுகிறாள். பிறகு கீறியதைப் பார்த்து நான் பின்னிப் பார்க்கிறேன். அம்மாவின் துண்டும் என் துண்டும் ஒத்து வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. எழுத்தை மட்டும் நம்பினால் என் பழைய போர்வைக் கதைதான்.

இதுவரை 3 பக்கம் முடித்தோம். அம்மாவுக்கு விரல் மூட்டு விறைக்கிறது, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஊசி பிடிக்க முடியாது. ஒன்பதாவது பக்கத்தில், "5 நெ, ம, 2 ச" என்று ஒரு மேசை விரிப்பு இருக்கிறது. அந்த 'ம' என்ன என்று கேட்டோம். மடக்கா? மறுபடியா? வரிசையின் நடுவில் மடக்க முடியாது. அம்மா கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தா. "மறந்து போச்சு குஞ்சு" என்றா. பத்து வருசத்துக்கு முதல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருக்கலாம், தையலோ சமையலோ. போட்டோ எடுத்து வைப்பது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. எழுதியவரை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள், கையை வீடியோ எடுங்கள். சுருக்கெழுத்து ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை தனக்கு விளங்கும் விதத்தில் கீறட்டும்.

வாற சனிக்கிழமை அந்த 'ம'வுக்கு மூன்று விதமாகப் பின்னி அம்மாவின் கையில் கொடுக்கப் போகிறோம். கண்ணுக்கு மறந்தது விரலுக்கு ஞாபகம் வரும் என்று மகள் சொல்கிறாள்.